தொட்டிச் செடிக்கு அடியில்

"உங்கம்மாவுக்கு மூச்சு இழுத்துட்டிருக்கும்மா. ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போயேன்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து மாமா கெஞ்சினார்.

"மூணு வயசுல என்னை விட்டுட்டு ஓடினவங்க எனக்கு என்ன உறவு மாமா? எனக்கு அப்பா மட்டும்தான்."

போனை வைத்துவிட்டாள்.

நெஞ்சழுத்தக்காரி என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். அப்பா தனியாளாக நின்று வளர்த்தார். ஓவியராகப் பேரும் புகழுமாக வாழ்ந்து, போன வருஷம்தான் கண்ணை மூடினார். அவர் படங்களுக்குக் கண்காட்சி வைக்க இவள் நாயாய் அலைந்துகொண்டிருக்கிறாள். இந்த நேரத்தில் அம்மாவாவது, மண்ணாங்கட்டியாவது.

மறுபடி போன். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து தருபவர்.

"உடனே வாங்கம்மா. உங்கப்பாவோட தொட்டிச் செடி படம், துடைக்கிற பஞ்சோட உரிஞ்சு வருது."

பதறிப்போனாள். அப்பாவின் ஆரம்பக் காலப் படம் அது. ஜன்னலோரம் ஒரு மண்தொட்டி, அதில் அகல இலைகளோடு ஒரு செடி. கண்காட்சியில் முதலில் மாட்ட வேண்டியதே அதுதான்.

பட்டறையில் அவர் பஞ்சைக் காட்டினார். பச்சையாக இருந்தது.

"அழுக்கைத்தான் துடைச்சேன். அடியில வேற படம் இருக்கு. அது காயறதுக்குள்ள அவசரமா மேலே செடியைப் போட்டிருக்கார். அதான் ஒட்டல."

"ஒரு செடி வரைய என்ன அவசரம்?"

அவர் விளக்கைப் படத்தின் மேல் திருப்பினார்.

இலைகளுக்கு நடுவே ஒரு பெண். இவளையே உரித்து வைத்த முகம். அம்மாதான். இடது கண் வீங்கிக் கறுத்திருந்தது. உதடு கிழிந்திருந்தது. மடியில் ஒரு குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கண்ணால பார்க்காத எதையும் அப்பா வரையமாட்டார்" என்றாள்.

"இப்படியே விடவா, இல்ல உங்கப்பா மாதிரி நானும் மூடிடவா?"

மாமாவைப் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா அம்மாவை அடிப்பாரா மாமா?"



"அடி தாங்காம உன்னைத் தூக்கிட்டுத்தாம்மா கிளம்பினா. உன்னைப் பிடுங்கிக்கிட்டு அவளை வெளியே தள்ளிட்டார்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல? இதோ வரேன், அம்மாகிட்ட சொல்லுங்க."

"முடிஞ்சுதும்மா. இப்பத்தான்." மாமாவுக்கு அழுகை முட்டியது. "சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. 'பிள்ளைக்கு மிச்சம் இருக்கறது அப்பா ஒருத்தர்தான், அவரையும் அவகிட்டேருந்து பிடுங்கிடாதே'ன்னா."