பக்கத்தின் அடியில் சிரிப்பவர்

மடிக்கணினியைத் திறந்ததும் மேயர் சிரித்தார்.

திரை முழுக்க அவர்தான். கடைவாய்ப் பல்வரை தெரிந்தது. கீழே, ‘உங்கள் மேயரின் அன்புப் பரிசு’ என்று கொட்டை எழுத்து.

மாற்றலாமா என்று யமிலா தட்டிப் பார்த்தாள். பூட்டு.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, ஊர் ஊராய் இலவச மென்பொருள் விழா நடக்கும். யார் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் பழைய இயங்குதளத்தை அழித்துவிட்டு, காசு வாங்காமல் லினக்ஸ் போட்டுக்கொடுப்பார்கள். அதற்காகத்தான் யமிலா ரொசாரியோவிலிருந்து பஸ் பிடித்து, பரானா ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரின் நூலகத்துக்கு வந்திருந்தாள்.

கணினிக்குச் சொந்தக்காரி எடெல்மிரா கிழவி, ஊருக்கு மரியாதையாக ‘தோன்யா’. தன் தெருவுக்காக ஒற்றைத்தாள் பத்திரிகை நடத்துகிறவள். நாளைக் காலை சர்ச்சில் பூசை முடிந்து வருகிற கூட்டத்துக்குப் புது இதழ் கொடுத்தாக வேண்டும்.

இதழில் ஒரே செய்திதான். மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் அடுப்படிக்கு வருகிறது, நகராட்சி தூங்குகிறது.

அச்சடித்தால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கணினி தானாகவே மேயரின் சிரிப்பையும் சேர்த்து அடித்துவிடுகிறது.

“நான் மேல திட்டுறேன், அவன் கீழ இளிக்கிறான்,” என்றாள் எடெல்மிரா.

லினக்ஸில் எந்த டெஸ்க்டாப் முகப்பு போடலாம் என்று யமிலா யோசிப்பதற்குள் பக்கத்து மேசை புரூனோ வந்துவிட்டான். கேடிஈ-தான், அதில் ஜன்னலின் மூலை வளைவைக்கூட இஷ்டப்படி மாற்றலாம் என்றான். க்னோம்தான், அதில் மாற்றுவதற்கே ஒன்றும் இல்லாததால் மனுஷன் வேலையைப் பார்ப்பான் என்றாள் யமிலா. போன வருஷம் இவர்கள் காதல் முறிந்ததும் இதே சண்டையில்தான்.

எடெல்மிரா மாத்தே கஷாயத்தைக் குழலில் உறிஞ்சியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டில் எது அந்த மூஞ்சியை எடுக்கும் என்று கேட்டாள்.

இரண்டுமே எடுக்கும்.

“அப்ப எது கணினியில கொஞ்சமா இடம் திங்குமோ அதப் போடுங்க. ஏற்கெனவே இதுல ஒரு தீனிப்பண்டாரம் உக்காந்திருக்கு.”

ஆகவே இருவருக்குமே பிடிக்காத, ஆனால் குறைவாகத் தின்னும் எக்ஸ்எஃப்சிஈ முடிவானது. எழுத லிப்ரே ஆபீஸ், பக்கம் கட்ட ஸ்க்ரைபஸ், ஊர் வம்புக்கு பயர்பாக்ஸ்.

அப்போதுதான் மேயரின் செயலாளர் பெரெய்ரா மைக்கைப் பிடித்தார். காலையில் ‘டிஜிட்டல் இறையாண்மை’ பற்றி அரங்கம் கொட்டாவி விடும்வரை பேசியவர். இப்போது சுருக்கமாகப் பேசினார். பரிசுக் கணினியிலிருந்து மேயர் படத்தை எடுப்பவர் யாராக இருந்தாலும் சரி, திங்களன்று கணினி பறிமுதல்.

வரிசையில் நின்றவர்கள் பொத்துப் பொத்தென்று மடிக்கணினிகளை மூடினார்கள்.

பெரெய்ரா மேசை மேசையாக வந்தார். எடெல்மிராவைக் கண்டதும் குரல் இறங்கிப்போயிற்று. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கிழவியின் வாய்க்கு ஊரே பயப்படும் போலிருக்கிறது என்று யமிலா நினைத்தாள்.

“தோன்யா, நீங்களே இப்படிப் பண்ணினா எப்படி?”

திரையில் ஒரு கேள்வி நின்றது. எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா?

யமிலாவின் விரல் தயங்கியது. எடெல்மிரா அதை ஒதுக்கிவிட்டு, தானே பொத்தானை அமுக்கினாள். கதவைச் சாத்துகிற மாதிரி அமுக்கினாள்.

மேயர் மறைந்தார்.

வேலை முடிந்ததும் நூலகத்து அச்சு இயந்திரத்தில் முதல் தாள் வந்து விழுந்தது. மேலே சாக்கடை, அடியில் வெறும் வெள்ளை. வரிசையில் ஒருத்தர் கணினியைத் திரும்பத் திறந்தார். பிறகு அடுத்தவர்.

பெரெய்ரா கையைப் பிசைந்தார். மேயரிடம் தான் என்னவென்று சொல்வது என்று கேட்டார்.

எடெல்மிரா தாளை மடித்து அவர் சட்டைப் பையில் செருகினாள்.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ரவியோலி பண்றேன். அவன மண்வெட்டியோட வரச் சொல்லு. சாக்கடையத் தோண்டினாத்தான் அம்மா தட்டு வைப்பாளாம்னு சொல்லு.”