ஆர்வின் பிடித்த தாடி மீன்

“போன நவம்பர்ல இதே ஏரியில இருநூறு பவுண்டு மீனைப் பிடிச்சேன். அதுக்குத் தாடி இருந்துச்சு. என்னைக் கண்டபடி திட்டுச்சு!”

ஆர்வின் சொன்னதும் மினசோட்டாவின் வாத்துகள்கூடச் சிரித்திருக்கும். வாத்து வேட்டைக்குப் படகேறிய இளைஞர்கள் இருவரும் அவர் நீட்டிய லைஃப் ஜாக்கெட்டுகளைத் திருப்பி எறிந்தார்கள்.

“கோடை முடிஞ்சாச்சு பெரிசு. இந்தக் குளிர்ல யாரு நீந்தப்போறா?”

“இவன் சொல்றது சுத்தப் புளுகு,” என்றார் கரையில் ஆர்வின் பக்கத்தில் நின்ற நண்பர் டெல்மர், வழக்கம்போல.

விழுந்தால் விறைத்துப்போவார்களே! ஆர்வினுக்கு மீதியையும் சொல்லிவிடத் துடித்தது. செய்த சத்தியம் தடுத்தது. மோட்டார் உறுமியது.

டெல்மர் தன் தாடியைச் சொறிந்தார்.

“நில்லுங்கப்பா! நடந்தது நிஜந்தான். படகுல எந்திரிச்சு நின்னு ஒண்ணுக்குப் போனேன், தண்ணியில விழுந்துட்டேன். ஜாக்கெட் மிதக்க வச்சுது. அதுல தூண்டிலை மாட்டித்தான் இவன் என்னை இழுத்தான். ஆனா இருநூறு இல்ல, நூத்தித் தொண்ணூறுதான்!”