நாலு ராணி

"பேத்திக்குப் பேரு வைக்கச் சீட்டாட்டமா? வெளங்கிரும்!" என்றார் தண்ணீர் மோட்டார் போட வந்த வீட்டுக்காரர் ஆவுடையப்பன்.

"வேற வழியில்ல அண்ணாச்சி. ரெண்டு வாரமா வீட்டுல இதே சண்டை" என்றான் பிள்ளையின் அப்பா மணிமுத்து.

அவனுக்குப் பெங்களூரில் வேலை. லீவு நாளில் நண்பர்களோடு போக்கர் ஆடுவான். சீசனுக்குக் குற்றாலத்தில் வீடெடுத்துத் தங்கிய இடத்தில், வீட்டில் எல்லாருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டான். பந்தயத்துக்குப் புளியங்கொட்டைதான். கடைசியில் ஜெயிக்கிறவர் சொல்வதே பிள்ளைக்குப் பேர். பத்தரைக்கு இலஞ்சி முருகன் கோவிலில் பேர் வைக்க வேண்டும்.

"எங்க அம்மா பேருதாம்லே வைக்கணும். உச்சிமாகாளி! சொன்னாலே தெரு நடுங்கும்" என்றார் அவன் அப்பா இசக்கிப்பாண்டி. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பால் குடிக்கக் கூப்பிடுததுக்குத் தெரு எதுக்கு மாமா நடுங்கணும்?" என்றாள் மருமகள் மஞ்சு. அவளுக்குச் சாரல் என்று வைக்க ஆசை. வயிற்றில் இருக்கும்போதே பிள்ளையை அப்படித்தான் கூப்பிட்டாள்.

"சாரலா? அடுத்தது பொறந்தா இடின்னு வைப்பியோ?"

முதலில் தோற்றது மஞ்சுதான். அடுத்து மணிமுத்து. மிச்சம் இசக்கிப்பாண்டியும் அவர் மனைவி ஜெயசித்ராவும். மஞ்சுவுக்கு அழுகை முட்டியது. அத்தை ஒருநாளும் மாமா பேச்சைத் தட்டியதே இல்லை. இனி யார் ஜெயித்தாலும் உச்சிமாகாளிதான்.

"ஆட்டோ வந்துட்டு. இதான் கடைசி ஆட்டம். இதை எடுக்கவங்க சொல்லுத பேருதான்" என்று ஆளுக்கு ஐந்து சீட்டுப் போட்டான் மணிமுத்து.

இசக்கிப்பாண்டி விரித்துப் பார்த்தார். மீசை துடித்தது. மூன்று ராஜா, கூட ஒரு ஜோடி! இதை அடிக்க வேண்டுமென்றால் நாலு சீட்டு ஒன்றுபோல வரணும்.

எப்படி ஆடுவது? கொட்டையை மொத்தமாய்த் தள்ளினால் ஜெயசித்ரா பயந்து விலகிவிடுவாள். ஜெயிக்கலாம், ஆனால் சீட்டை விரித்துக் காட்ட முடியாதே! இப்பேர்ப்பட்ட சீட்டை நாலு பேர் பார்க்காமலே போவதா?

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பத்தே பத்துக் கொட்டையை வைத்தார்.

"ஒண்ணும் சரியில்ல. ஏதோ வைக்கேன்."

ஜெயசித்ரா கண்ணை மூடி "முருகா" என்றாள். தன் குவியல் முழுவதையும் நடுவில் தள்ளினாள்.

இசக்கிப்பாண்டி திடுக்கிட்டார். "ஏட்டி, அப்படி என்ன வச்சிருக்க?"

"நாலு ராணி."

"அம்மா! அதைச் சொல்லக் கூடாதும்மா!"

"அவுக கேட்டாகள்லா, சொன்னேன்."

ஜெயசித்ரா பொய் சொல்ல மாட்டாள். ஒருநாள் இன்ஸ்பெக்டர் போன் பண்ணியபோது, "வீட்டுலதான் சார் இருக்காக. இல்லேன்னு சொல்லச் சொல்லுதாக" என்று சொன்னவள் அவள்.

இசக்கிப்பாண்டி தன் சீட்டைப் பார்த்தார். பிறகு ரொம்ப நேரம் மனைவியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, ஐந்தையும் கவிழ்த்து, கட்டுக்குள் செருகிவிட்டார்.

"நான் விலகிட்டேன். நாலு ராணிய யாரால அடிக்க முடியும்?"

"ஏட்டையா பொண்டாட்டிக்குப் பயந்துட்டாருலே!" என்று சிரித்தார் ஆவுடையப்பன்.

"என்ன பேரும்மா?" என்றான் மணிமுத்து.

"பெத்தவ சொல்லட்டும்" என்றாள் ஜெயசித்ரா.

ஆண்கள் ஆட்டோவுக்குப் போனதும், மஞ்சு மாமியாரின் சீட்டைத் திருப்பினாள். ரெண்டு, அஞ்சு, ஏழு, ஒம்பது, ஒரு ஜாக்கி.

"அத்தை! நீங்களா?"

"சத்தம் போடாத. நான் மூணு பெத்தேன். ஒண்ணுக்காவது என்ன பேரு வைக்கலாம்னு என்னை யாரும் கேக்கல தாயி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், ஒங்க மாமா என் வார்த்தைய நம்பித் தோத்துட்டாக. முருகன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். அவுகளுக்கு மட்டும் தெரியாண்டாம்."

கோவிலில் இசக்கிப்பாண்டிதான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, காதில் மூன்று தரம் பேர் சொன்னார்.

"சாரல்... சாரல்... சாரல்..."

அதோடு நிமிரவில்லை. இன்னும் குனிந்து காதோடு காதாகச் சொன்னார்:

"ஒங்க ஆச்சி சொன்ன நாலு ராணில ரெண்டு ராணி என் கையிலல்லா இருந்துச்சு! வெளிய சொல்லிராத."