கூடையில்லாத நாள்

கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தார்கள்.

தேயிலைத் தோட்டத்து ஒபீஸில், துரையின் மேசைக்கு முன்னால் நின்றபடி அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நான் எழுதியதாக அவர்கள் எழுதிவைத்திருந்த கடிதம்.

‘ஜோசப்பின் ஆகிய நான், ஜேர்மனி ஹம்பேர்க் நகரத்தில் நடந்த தேயிலைக் கண்காட்சியின் இரண்டாம் நாள், படிப்பறிவு இல்லாத காரணத்தால் வழி தவறி, பகல் முழுவதும் அலைந்து திரிந்தேன். மன்னிக்கவும்.’

வழி தவறி. என் கண் அங்கேயே நின்றுவிட்டது.

துரைக்கு இந்தக் கடிதம் வேண்டும். கொழுந்து பறிக்கிறவள் இல்லாமல் நம் ஸ்டால் எப்படி ஒரு நாள் நடந்தது என்று கொழும்பிலிருந்து கேட்டிருக்கிறார்கள். கையெழுத்து வைத்தால் அடுத்த மாதம் நான் கங்காணி. எங்கள் மலைக்கு முதல் பெண் கங்காணி. வைக்காவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்குப் போகும்.

“எங்க போன நீ? ரோட் தெரியாம போன தானே?” என்றார் துரை, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் பக்கத்தில் தேத்தண்ணி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இந்த ஒபீஸில் எங்களுக்கு யாரும் ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்ததில்லை. நாற்காலியும் கொடுத்ததில்லை.

நான் வழி தவறவில்லை.

முதல் நாள் ஏழு மணி நேரம் அந்த ஸ்டாலில் நின்றேன். தலையில் கயிறு, முதுகில் கூடை, கூடைக்குள் பிளாஸ்டிக் கொழுந்து. பக்கத்தில் நின்ற துரை சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். இருபத்திரண்டு வருஷமாக மலையில் சுமந்தபோது வராத கழுத்து வலி அந்தப் பிளாஸ்டிக் இலைக்கு வந்தது.

மறுநாள் காலை மழை பார்க்கலாம் என்று ஹோட்டல் வாசலுக்கு இறங்கினேன். நுவரெலியா பேல் பஸாரில் பழசாக வாங்கிய கறுப்புக் கோட்டு, காதை மூடிய கம்பளித் தொப்பி. கண்காட்சிக்குள் போகிற அட்டை கோட்டுப் பையில் இருந்தது. கூடை மேலே அறையில் இருந்தது. அதை எடுக்கத் திரும்பிப் போகக் கால் வரவில்லை. அவ்வளவுதான், நடந்துவிட்டேன்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரித் திரிந்தேன் என்று இவர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் பேச்சு இன்னும் மோசம். அங்கேயே தங்கிவிடப் பார்த்தாளாம், வெள்ளைக்காரன் ஒருவனைப் பிடித்தாளாம். பேசட்டும். அவர்கள் வாய், அவர்கள் பாடு.

நான் நிரை பிடித்து நடந்தேன்.

கொழுந்து எடுக்கிறவள் ஒரு நிரையில் ஏறி அடுத்த நிரையில் இறங்குவாள். நடுவில் தாவினால் கங்காணி சத்தம் போடுவார். அந்த ஊர்த் தெருக்களையும் அப்படித்தான் பிடித்தேன். ஒரு தெருவில் ஆற்றங்கரை வரைக்கும் போவேன், அடுத்த தெருவில் திரும்பி வருவேன். பெயர்ப்பலகை எனக்கு எதற்கு? பச்சைக் கதவு ஒரு நிரை, சக்கரமில்லாத சைக்கிள் ஒரு நிரை, பூனை படுத்திருந்த ஜன்னல் ஒரு நிரை.

முட்டுச்சந்து வந்தாலும் கடைசி வரைக்கும் போய்ச் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினேன். பழக்கதோஷம். ஒருவர் ஜன்னலைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் கையசைத்தேன். அவரும் அசைத்தார்.

சிலுவை வைத்த ஒரு கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பாலத்தடியில் ஈர வாங்குப் பலகை ஒன்றில் எனக்குப் போதும் என்று தோன்றும் வரைக்கும் உட்கார்ந்தேன். யாரும் பேர் கூப்பிடவில்லை. யாரும் விரட்டவில்லை. பிறந்ததிலிருந்து ஒருவருக்கும் பதில் சொல்லாத பகல் அது ஒன்றுதான். சந்தோஷமாக இருந்தது, பாடிக்கொண்டே நடந்தேன்.

கடைசி நிரை எங்கே போய் முடிந்தது என்று மட்டும் இங்கே யாரும் கேட்கவில்லை.

பெரிய கிளாக்கர் பரமலிங்கம் ஐயா பேனாவை நீட்டினார். யாழ்ப்பாணத்து மனிதர், கெட்டவர் இல்லை.

“வையுங்கோ பிள்ளை. ஒரு கையெழுத்துத்தானே, அலுவல் முடிஞ்சிடும்.”

பேனாவை வாங்கினேன். சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தவள் நான். ‘படிப்பறிவு இல்லாத’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தேன். ‘வழி தவறி’ என்பதன் மேல் அழுத்தி இன்னொரு கோடு.

“தொரை, அன்னிக்கி நாலு மணிக்கு நம்ம ஸ்டால் வரிசையில நானும் நின்னேன். நீங்கதான் ஒங்க கையால தேத்தண்ணி ஊத்திக் குடுத்தீங்க. ‘சுகர், மேடம்?’னு கேட்டீங்க. நான் ரெண்டு வெரலக் காட்டினேன். சிரிச்சுக்கிட்டே போட்டுக் குடுத்தீங்க.”

துரை கணினியிலிருந்து கண்ணை எடுத்தார்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். கோட்டைத் தேடினாரோ, தொப்பியைத் தேடினாரோ, தெரியாது. நான் அசையாமல் நின்று காட்டினேன்.

பேனாவைப் பரமலிங்கம் ஐயாவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“இத அப்படியே எழுதுங்கய்யா. இப்பவே கையெழுத்து வெக்கிறேன்.”