தலைகீழ் நிழல்

"இதைச் செஞ்ச ஆளுக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?"

முதலாளி போட்ட சத்தத்தில் ஆபீசே நிமிர்ந்து பார்த்தது. அவருக்கு அங்கே 'குக்கர்' என்று பெயர். இன்றைக்கு ஆவி கொஞ்சம் அதிகம்தான்.

கோபம் வராமல் என்ன செய்யும்? பல் மருத்துவமனைக்காகச் செய்த மென்பொருளைப் பார்க்க டாக்டரம்மா கீழே காரை நிறுத்திக்கொண்டிருக்கிறார். இந்த ஆர்டரும் கைநழுவினால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

புரோகிராமர் பெண் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அவள் கணினியில், திரை முழுக்க, நோயாளியின் விவரம் காட்டும் அட்டை. அட்டைக்கு அடியில் லேசாக நிழல் விழ வேண்டும் என்று முதலாளி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இங்கே நிழல் அட்டையின் தலைக்கு மேலே, கரியை அப்பியது போல இருந்தது.

அட்டையில் இருந்த 'சேமி' பட்டனை அழுத்திப் பார்த்தார். அது அசைந்தே கொடுக்கவில்லை. ஆத்திரத்தில் மறுபடி மறுபடி குத்தினார்.

"பட்டனும் வேலை செய்யலை. லட்சணம்தான்."

அவள் ஓடி வந்தாள். "சார், ஒரு நிமிஷம், இது வந்து..."

"வாயைத் திறக்காதே. ஒரு வாரமா ஒரே ஒரு நிழல், அதுவும் தலைகீழா. ரெடிமேடா கிடைக்கிற டிசைன் வேண்டாம், அட்டைக்கு நானே புரோகிராம் எழுதுறேன்னு சொன்னியே, அப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க சார்..."

"கேட்டதெல்லாம் போதும். இனிமே இந்தப் பக்கம் வராதே."

அவளுக்கும் ரோஷம் இருக்காதா? முகம் சிவக்க அவரையும் திரையையும் ஒரு பார்வை பார்த்தாள். "சரிங்க சார்" என்று பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவெனப் படியிறங்கிப் போய்விட்டாள். யாரும் தடுக்கவில்லை. குக்கரிடம் வாய் கொடுக்க யாருக்குத் துணிச்சல்?

லிஃப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது. அவர் பக்கத்து மேசையிலிருந்து, மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டரை இழுத்து அந்தக் கணினி முன்னால் உட்காரவைத்தார்.

"அவ செஞ்ச கண்றாவியை மூடு. நிழல் எப்படி விழணும்னு போன வாரம் நானே அவசர அவசரமா ஒரு மாதிரிப் படம் வரைஞ்சு அவளுக்கு அனுப்பினேன். டாக்டரம்மாகிட்ட அதையாவது காட்டிச் சமாளிக்கலாம். அந்தப் படத்தைத் திற."

டெஸ்டர் மவுசைத் தொடவில்லை. திரையைக் கையால் காட்டினார்.

"அதுதான் சார் திறந்திருக்கு."