தமயந்தியின் சாவுச் செய்தி

தேர்வறைக்குள் செல்போன் கூடாது என்று காலையிலேயே அணைத்துப் பையில் போட்டதால், தான் செத்துப்போன செய்தி தமயந்திக்குத் தெரியாது. மூன்று மணிக்கு அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பூக்காரி பவளம் அலறினாள்.

"அடியே, தெற்குத் தெருவான் உன்னை வெட்டிட்டான்னு காலையிலேர்ந்து போன்ல வந்துக்கிட்டே இருக்கு! உன் தெரு ஆம்பளைங்க அரிவாளோட கிளம்பிட்டாங்க!"

பவளத்தின் போனில் ரத்தவெள்ளத்தில் யாரோ ஒருத்தி கிடந்தாள். பக்கத்தில் தமயந்தியின் கல்லூரிப் படம். கீழே, 'மானமுள்ளவன்னா பகிரு.'

கடைவீதியில் வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் எதிரெதிரே நின்றன. இடையில் இரண்டே போலீஸ்காரர்கள். தமயந்தி மூச்சிரைக்க ஓடிப்போய் நடுவில் நின்றாள்.

"யாருடா என்னைக் கொன்னது? முன்னால வாங்க!"

வடக்குத் தெருவின் முன்வரிசையில் அவள் அண்ணன் முத்தரசு, அழுதழுது வீங்கிய கண்களோடு நின்றான்.

"எனக்கு ஒரு போன் போட்டுப் பார்த்தியா?"

"இருபது தடவை போட்டேன் பாப்பா. ஸ்விட்ச் ஆஃப்னே வந்துச்சு."

"அரிவாளைக் கொடு."

கொடுத்துவிட்டு அவள் தோளில் சாய்ந்து விம்மினான். தெற்குத் தெருப் பக்கம் ஒரு கம்பு தரையில் விழுந்தது. பிறகு பல விழுந்தன.

அவள் சாவுக்கு வந்திருந்த மேளக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

"அடிங்கண்ணே! நான் உயிரோட வீட்டுக்குப் போறேன்."

மேளம் அதிர்ந்தது. அண்ணன் வடக்கே திரும்பினான். தமயந்தி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தெற்குத் தெரு வழியாப் போவோம்."

அங்கே காலையிலிருந்து தாழிட்டுக் கிடந்த கதவுகள் மேளச் சத்தம் கேட்டு ஒவ்வொன்றாகத் திறந்தன.