காட்டுக் கல்மேசையில் பெண் பார்த்தது

எதிரே இருந்த பெண் தலை நிமிர்ந்து பார்த்த அந்த நொடியில்தான் அழகனுக்கு விக்கல் எடுத்தது.

ஒன்றோடு நிற்கவில்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் மேலே ஒரு குரங்கு கிளை மாறி உட்கார்ந்தது.

பாதையோரக் காட்டுக்குள் இருந்த அந்தக் கல்மேசையையும் கல்பெஞ்சுகளையும் ஒரு வெள்ளைக்காரத் துரை, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து சாப்பிடுவதற்காகக் கட்டியிருந்தார். துரை கப்பலேறிப் போனதும் சுற்றியிருந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அதைப் பெண் பார்க்கும் இடமாக்கிக்கொண்டார்கள். யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்ற சண்டை அங்கே கிடையாது.

அழகன் பூண்டுலோயாவிலிருந்து வந்திருந்தான். கூட அம்மா நாகலெட்சுமியும் தாய்மாமன் மூக்கனும். பெண் வீட்டார் வட்டவளையிலிருந்து வருவதாகப் பேச்சு. இரண்டு பக்கமும் முன்பின் பார்த்ததில்லை. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு குடும்பம் பலகாரம் பரப்பிவைத்துக் காத்திருந்தது. கும்பிட்டார்கள். உட்கார்ந்தார்கள்.

பயந்தால் அழகனுக்கு விக்கல் வரும். பெண்ணைப் பார்த்தால் பயம் வரும். போன இடத்திலெல்லாம் இதனால்தான் சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டில் பையனுக்கு நெஞ்சில் ஏதோ வியாதி என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

நாகலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள்.

பெண் எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்தாள். அழகனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அழகன் லட்டுத் தட்டில் குப்புற விழுந்தான்.

விக்கல் நின்றது.

மூக்கில் ஒட்டிய பூந்தியோடு அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பயம் வரவில்லை. சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது.

"இவதான் எம் மருமக!" என்றாள் நாகலெட்சுமி.

பெண்ணின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பூரணி சட்டென்று கை நீட்டிவிடுகிற பிள்ளை என்று கேள்விப்பட்டு, வருகிறவர்கள் எல்லாம் பாதி வழியிலேயே திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அங்கேயே வெற்றிலை மாற்றினார்கள்.

வாய் நிறைய வடையோடு மூக்கன் கேட்டார். "வட்டவளையில மழ எப்படிங்க?"

"வட்டவளையா? நாங்க நானுஓயாங்க. நீங்க ஹட்டன் மாப்பிள்ள வீடுதானே?"

மூக்கன் வடையை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

எழுந்து போயிருக்கலாம். யாரும் எழுந்திருக்கவில்லை. பூரணி லட்டுத் தட்டை அழகன் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

ஆனால் வட்டவளைக்காரர்கள் வந்தால் என்ன சொல்வது? ஹட்டன்காரர்கள் வந்தால்? வாக்குக் கொடுத்தாயிற்றே!

"பையனுக்கு வலிப்புன்னு சொல்லிப்புடுவோம்," என்றார் மூக்கன்.

"எங்க புள்ள ஓடிப்போயிருச்சுன்னு சொல்லிக்கிறோம்," என்றார் பூரணியின் அப்பா.

"நான் இங்கதானேப்பா உக்காந்திருக்கேன்," என்றாள் பூரணி.

அதற்குள் பாதையில் லொறிச் சத்தம் கேட்டது. அழகனுக்கு மறுபடி விக்கல் எடுத்தது. பூரணி கையை ஓங்கினாள். நின்றுவிட்டது.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து வட்டவளைப் பெண் வீட்டார் இறங்கினார்கள். அதே லொறியிலிருந்து ஹட்டன் மாப்பிள்ளை வீட்டாரும் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் வேட்டியிலும் பெண்ணின் சேலையிலும் முழங்கால் வரை ஒரே சேறு.

வட்டவளைப் பெரியவர் முன்னால் வந்தார். நாகலெட்சுமியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. ஏத்தத்துல லொறி நின்னுபோச்சு. எங்க புள்ளயும் இந்தத் தம்பியும் சேந்து தள்ளுனாங்க. தள்ளி முடிக்கிறதுக்குள்ள பேசி முடிச்சிட்டோம்."

நாகலெட்சுமி எழுந்து நின்றாள். மாற்றிய வெற்றிலையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"அதெப்படி? குடுத்த வாக்குன்னு ஒன்னு இருக்கா இல்லையா?" என்று காடே அதிரக் கத்தினாள்.

அவர்கள் கொண்டுவந்த பலகாரத்தையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் அவர்களை மன்னித்தாள்.